பூப்போட்ட மின்னஞ்சல்

எங்கள் ஆற்றில் ஓடும் படகுகளில் பாதிக்கு மேல் முகப்பில் பெயர் எழுதியவன் என் தம்பி எலிசேயோ மனுயாமா. சுவர்களுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டைத் தகர டப்பாக்களில் சேர்த்து வைத்திருப்பான். மீசை முளைக்கும் முன்பே அவனுக்கு அந்தக் கை வந்துவிட்டது. சிவப்பு எழுத்து, அதற்கு மஞ்சள் விளிம்பு, விளிம்புக்குப் பின்னால் கறுப்பு நிழல், கடைசி எழுத்தின் வாலில் ஒரு பூ. பூ இல்லாமல் அவன் எந்தப் படகையும் தண்ணீரில் இறக்க விட்டதில்லை. “சட்டை போடாத எழுத்தை யாரு திரும்பிப் பார்ப்பா அக்கா?” என்பான்.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அவன் உயர்நிலைப் பள்ளியை முடித்து, இகித்தோஸ் நகரத்துக்குப் போய், சுகாதாரப் பணியாளர் படிப்பையும் முடித்தான். நுவேவோ ஒரேப் என்ற எங்கள் ஊரிலிருந்து அதுவரை யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. வெள்ளைச் சட்டையோடு அவன் படகிலிருந்து இறங்கிய நாளில் நான் கரைக்குப் போகவில்லை. வீட்டிலேயே மரவள்ளியை வறுத்துக்கொண்டிருந்தேன். கரையில் எல்லோர் முன்னாலும் அழக் கூடாது என்று இருந்தேன்.

எங்கள் ஊர் மருத்துவச் சாவடிக்கே அவனைப் போட்டார்கள். கால்கள் மேல் நிற்கும் பலகை வீடு அது. ஒரு கட்டில், மருந்து அலமாரி, கூரையில் சூரியத் தகடு, கீழே பேட்டரி, மேசையில் வானொலிப் பெட்டி. வானொலிப் பெட்டியோடு ஒரு கணினியையும் இணைத்திருந்தார்கள். எங்கள் ஆற்றில் இப்படிப் பதினான்கு சாவடிகள் உண்டு. ஆற்றின் கீழே சான் தாதேயோ ஊரில் இருக்கும் பெரிய சுகாதார மையத்தோடு பதினான்கும் அந்த வானொலியால்தான் பேசின. மின்னஞ்சலும் அதே வானொலியில்தான் போகும். தொலைபேசிக் கம்பி எங்கள் பக்கம் வந்ததே இல்லை.

மின்னஞ்சல் போகிற விதத்தைத் தம்பி எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். கணினி எழுத்தைச் சத்தமாக மாற்றும். வானொலி அந்தச் சத்தத்தைக் காட்டுக்கு மேலே அனுப்பும். மையத்தில் இருக்கும் இயந்திரம் ஒவ்வொரு சாவடியாகக் கூப்பிட்டு, அதனிடம் இருக்கும் கடிதங்களை வாங்கிக்கொள்ளும், அதற்கு வந்தவற்றைக் கொடுக்கும், பிறகு அடுத்த சாவடிக்குப் போகும். கொடுக்கும்போது பாதியில் அறுந்தால் முதலிலிருந்து மறுபடி கொடுக்கும். இது நடக்கும்போது மனிதர்கள் பேச முடியாது. எல்லோருக்கும் இருப்பது ஒரே அலைவரிசை. தகர டப்பாவுக்குள் கிளிகள் சண்டை போடுவதுபோல் அந்தச் சத்தம் கேட்கும். “கடிதம் கத்துது” என்போம். வழக்கமாக அது கொஞ்ச நேரம் கத்தி ஓய்ந்துவிடும். காய்ச்சல் கணக்கும் மருந்துத் தேவையும் நாலைந்து வரிக்கு மேல் இருக்காதே.

காலையில் கடிதம் கத்துவதற்கு முன் எல்லாச் சாவடிகளும் வரிசையாகப் பேசும். யாருக்காவது பிறந்தநாள் வந்தால் பதினான்கு பேரும் வானொலியில் சேர்ந்து பாடுவார்கள். ஒருவர் குரல் மற்றவர் குரலோடு சேரவே சேராது. அதற்குப் பிறகு மின்னஞ்சலில் வாழ்த்து அனுப்புவார்கள். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு வாழ்த்து அனுப்பினாலும், அனுப்புகிறவருடையதும் சேர்த்து, பதினான்கு சாவடிக்கும் பிரதி போக வேண்டும். ஒருத்திக்கு மட்டும் தனியாக அனுப்பினால் அது பெண் கேட்டதற்குச் சமம். மறுநாள் காலை வானொலியிலேயே கல்யாணச் சாப்பாடு எப்போது என்று கேட்டுவிடுவார்கள்.

பழைய கணினி ஈரத்தில் கெட்டுப்போனதும், தலைநகர் லிமாவிலிருந்து லிஸார்தோ என்ற இஞ்சினியர் புதியதைக் கொண்டுவந்து மாட்டினார். அதில் மின்னஞ்சலுக்கு இரண்டு மென்பொருள்கள் இருந்தன. ஒன்று பழையது. சாம்பல் நிறத் திரை, ஒரே அளவு எழுத்து. இன்னொன்றில் நிறம், படம், பெரிய எழுத்து, சாய்ந்த எழுத்து எல்லாம் உண்டு. அன்று நான் இஞ்சினியருக்கு மீன் சூப் கொண்டு போயிருந்தேன். அதனால் அந்தப் பேச்சைப் பக்கத்திலிருந்து கேட்டேன்.

“ரெண்டுல எது நல்லது இஞ்சினியர்?”

“உன் ரேடியோவுக்கு இந்தப் பழசுதான் நல்லது. வெறும் எழுத்தை மட்டும் அனுப்பும். அந்தப் புதுசு எச்.டி.எம்.எல்.லயும் அனுப்பும். நீ ரெண்டு வார்த்தை அடிச்சா, எந்த வார்த்தை சிவப்பு, எது பெருசு, எது நடுவுலன்னு அது உள்ளுக்குள்ள ஒரு பக்கம் எழுதி வச்சுக்கும். அதையும் சேர்த்துதான் உன் ரேடியோ சுமக்கணும்.”

“அப்புறம் எதுக்கு அதையும் வச்சிருக்கீங்க?”

“லிமாவுல எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குடுத்துட்டாங்க. நீ தொடாத, அவ்வளவுதான்.”

தம்பி பல மாதம் அந்தப் புதியதில் எதையும் அனுப்பவில்லை. ஆனால் வேலை இல்லாத மதியங்களில் அதைத் திறந்து வைத்து விளையாடுவான். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். திரையில் தெயோலிண்டா என்று என் பெயர் இருந்தது. சிவப்பு எழுத்து, மஞ்சள் விளிம்பு, வாலில் பூ. தூரிகை இல்லாமலேயே அவன் கை அதற்குள் போயிருந்தது.

ஃபிலோமெனா சாவடி எங்களுக்கும் மையத்துக்கும் நடுவில், மையத்துக்குப் பக்கமாக இருக்கிறது. அங்கே நர்ஸாக இருந்தவள் ஹோவிட்டா. காலைப் பேச்சில் தம்பி அவளிடம் மட்டும் மலேரியாக் கணக்கை இரண்டு முறை சொல்வான், அவள் சரியாகக் கேட்கவில்லை என்பாள் என்பதற்காக. அவளுக்கு எல்லாம் சரியாகவே கேட்டது என்று ஆறு முழுவதற்கும் தெரியும். உபால்தோ என்ற மூத்த பணியாளர், எங்களுக்கு அடுத்த சாவடிக்காரர், அதைச் சொல்லிச் சொல்லியே பொழுது போக்குவார்.

அவள் பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை வந்தது. அன்று காலை எல்லோரும் பாடி முடித்ததும் உபால்தோ வானொலியில் சொன்னாராம்: “பாட்டெல்லாம் சரி. நம்ம பெயின்டர் தம்பி மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாப் பாடுறாரு? நெஞ்சுல ஏதாவது அடைப்பா? நர்ஸம்மா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.”

 தம்பி மூன்று மதியம் உட்கார்ந்து ஒரு வாழ்த்து செய்து வைத்திருந்தான். புதிய மென்பொருளில். சுற்றிலும் கொடி, நடுவில் அவள் பெயர், கீழே ஆற்றில் ஒரு படகு, படகின் முகப்பிலும் அவள் பெயர். மையத்து இயந்திரம் ஓர் அளவுக்கு மேல் பெரிய கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் கொடியில் இலைகளைக் குறைத்து, படகைச் சிறிதாக்கி, அந்த அளவுக்கு மயிரிழை கீழே கொண்டுவந்துவிட்டான். அளவுக்குள் அடக்கிவிட்டேன் என்ற திருப்தி அவனுக்கு. அவளுக்கு மட்டும் அனுப்பக் கூச்சம். வழக்கப்படி எல்லோர் பெயரையும் சேர்த்தான். எல்லோருக்கும் போவதற்குள் ஒளிந்துகொண்டு அவளுக்கும் போய்விடும் என்று நினைத்தான்.

அவன் கணக்குப் பார்க்காமல் விட்டது இதுதான். கடிதம் ஒன்று, சாவடி பதினான்கு. எங்கள் மையத்து இயந்திரம் ஒன்றை எல்லோருக்குமாக ஒரே முறை அனுப்பாது. ஒவ்வொரு சாவடிக்கும் தனித்தனிப் பிரதி எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். ஒரு கடிதம் அளவுக்குள் இருந்தது. பதினான்கு கடிதம் ஒரு முழுப் பகலையும் விழுங்கக் கூடியது. போதாததற்கு அந்த மென்பொருள், நிறம் காட்டத் தெரியாத கணினிகளுக்காக அதே வாழ்த்தை வெறும் எழுத்தில் இன்னொரு தடவையும் உள்ளே வைத்து அனுப்பியது. பதினான்கு பேரும் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று என் தம்பி அனுப்புகிற பொத்தானை அழுத்தியபோது, நான் என் மகள் மிர்லித்தோடு மரவள்ளிக் கொல்லையில் இருந்தேன்.

மிர்லித்துக்கு அப்போது ஒன்பது வயது. வெட்டிக் குவித்திருந்த தண்டுகளை எடுக்கக் கை நீட்டினாள். கையைப் பாம்பு தொடவில்லை, காலைத்தான் தொட்டது. குவியலுக்கு அடியில் கிடந்த ஜெர்கோன் என்ற விரியன். காய்ந்த இலை நிறத்தில் இருக்கும், மிதித்தால்தான் தெரியும். அவள் கத்தவில்லை. “அம்மா, முள்ளு” என்றாள். குனிந்து பார்த்த நான்தான் கத்தினேன்.

என் கணவர் அமான்சியோ சட்டையைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சாவடிக்கு ஓடினார். தம்பி கட்டிலில் படுக்க வைத்து முதலில் அந்தக் கட்டைத்தான் பார்த்தான்.

“கட்டை அவுருங்க மாமா. விஷம் ஒரே இடத்துல நின்னா கால் அழுகிடும்.”

“அவுத்தா நெஞ்சுக்கு ஏறிடும்டா.”

“ஏறாது. நான் சொல்றேன்ல, அவுருங்க.”

அவனே அவிழ்த்தான். காலை அசையாமல் பலகையில் வைத்துத் துணி சுற்றினான், சலைன் ஏற்றினான். ஊசி முதல் குத்திலேயே நரம்பில் ஏறியது. அதை நான் நன்றாகப் பார்த்தேன். விஷமுறிவு மருந்து எங்கள் சாவடியில் கிடையாது, அதைக் குளிரில் வைக்க வேண்டும். குளிர்பெட்டி மையத்தில் மட்டும்தான் இருந்தது. மையத்தின் விரைவுப் படகு எதிரே வந்தால் மாலைக்குள் மருந்து கிடைக்கும். எங்கள் ஊரின் பெகே-பெகே என்ற சின்ன மோட்டார்ப் படகில், அது டக்டக்கென்று போகிற வேகத்தில், மையம் போய்ச் சேர மறுநாள் விடிந்துவிடும். ஆக, செய்ய வேண்டியது மையத்துக்குச் சொல்வது ஒன்றுதான்.

அவன் வானொலியைத் திறந்தான். கடிதம் கத்திக்கொண்டிருந்தது.

காத்திருந்தோம். நிற்கிற மாதிரி ஒரு மூச்சு நேரம் கத்தல் ஓய்ந்தது. அவன் ஒலிவாங்கியை வாயருகே கொண்டு போவதற்குள் மறுபடி ஆரம்பித்தது. இன்னும் காத்திருந்தோம். மிர்லித்தின் கணுக்கால் என் கண்ணெதிரே வீங்கி உருண்டுகொண்டு வந்தது. தம்பி தலையைச் சாய்த்துக் கேட்டான். படகு மோட்டாரின் சத்தத்தை வைத்து அது யார் படகென்று எங்களுக்குத் தெரிவதுபோல், அவனுக்குச் சத்தத்தை வைத்தே நாலு வரிக் கடிதத்துக்கும் பெரிய கடிதத்துக்கும் வித்தியாசம் தெரியும். அவன் முகம் மாறியது.

“அக்கா, இது என் கடிதம்.”

“எந்தக் கடிதம்?”

“ஹோவிட்டா பொறந்தநாளுக்கு அனுப்பினது. பதினாலு பேருக்கும் ஒண்ணொண்ணாப் போயிட்டிருக்கு.”

“நிறுத்து.”

“இங்கருந்து நிறுத்த முடியாது. என் கையை விட்டுப் போயிடுச்சு.”

அவன் பழைய சாம்பல் திரையைத் திறந்து ஒரு வரி அடித்தான். பாம்புக் கடி, ஜெர்கோன், பெண் குழந்தை ஒன்பது வயது, படகும் மருந்தும் வேண்டும். அவ்வளவுதான். ஒரு மூச்சு இடைவெளியில் போய்விடக் கூடிய கடிதம். ஆனால் இயந்திரம் எங்கள் சாவடியைக் கூப்பிட்டால்தான் அதை வாங்கும், அது வரிசைப்படிதான் கூப்பிடும். வரிசை முழுக்கப் பூக்கள் நின்றன. உச்சி வெயிலில் அலை சரியாக எட்டாததால் ஒவ்வொரு பிரதியும் பாதியில் அறுந்து முதலிலிருந்து தொடங்கியது. மையத்தில் பேச்சுக்கு யாராவது காது கொடுப்பார்களா என்றால், இந்தச் சத்தம் நோயாளிகளுக்கு ஆகாது என்று கடிதம் கத்தும் நேரத்தில் அங்கே ஒலிபெருக்கியைக் குறைத்துவிடுவார்கள். அதுவும் அவனுக்குத் தெரியும்.

படகைத் தயார் செய்யச் சொன்னான். அமான்சியோ அவளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார். சலைன் குப்பியைப் பிடித்துக்கொண்டு நான் கூடவே போனேன். தம்பி படிக்கட்டு வரை வந்து நின்றான்.

“நீ வரலியா?” என்று கேட்டேன்.

“நான் வந்தா இதுல யாரு பேசுறது? கீழேருந்து படகு வரலன்னா, நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள…” 

அமான்சியோ திரும்பிப் பார்க்காமல் சொன்னார். “விடு தெயோலிண்டா. கடிதம் எழுதுறவன் உக்காந்து எழுதட்டும்.”

அது அவன் காதில் விழுந்தது. எனக்கும் விழுந்தது.

ஆற்றில் போன அந்தப் பகலை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் நிறைய இருந்தது, மோட்டார் நன்றாக ஓடியது, எதுவும் எங்களுக்கு எதிராக இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் நாங்கள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். கரையில் வீடு தெரிந்த இடத்திலெல்லாம் அமான்சியோ கையை வாயில் குவித்து, பெரிய மோட்டார் யாரிடமாவது இருக்கிறதா என்று கத்தினார். இல்லை என்று கையை ஆட்டினார்கள். வீக்கம் முழங்காலைத் தாண்டியது. தோல் மினுமினுத்து, பிறகு கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது.

மிர்லித் எழுத்துக் கற்றது மாமன் எழுதிய படகுகளில்தான். எதிரே படகு வந்தால் பெயரை வாய்விட்டுப் படிப்பது அவள் பழக்கம். அன்றும் முதலில் படித்தாள். வாழைத்தார் ஏற்றிய ஒரு படகு எங்களைக் கடந்தபோது தலையை மட்டும் திருப்பி, “மாமா பூவை இதுல பெருசாப் போட்டிருக்காரு” என்றாள். அப்போது அவள் பல்லோரத்தில் இரத்தம் கசிவதைப் பார்த்தேன். அடுத்த படகு வந்தபோது அவள் கண் திறந்திருந்தது, படிக்கவில்லை. அதற்கடுத்த படகின் பெயரை நானே மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவள் திருத்துவாள் என்று வேண்டுமென்றே தப்பாகவும் படித்துப் பார்த்தேன். திருத்தவில்லை.

உபால்தோவின் சாவடியில் நிறுத்தினோம். அவர் ஓடிவந்து நாடி பார்த்தார், சலைன் குப்பியை மாற்றினார். அவருடைய வானொலியும் உள்ளே கத்திக்கொண்டிருந்தது.

“காலையிலருந்து இதே கூத்துதான்” என்றார். “எவனோ யானையை அனுப்பியிருக்கான். மையத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல வழியில்ல.”

அமான்சியோ என்னைப் பார்த்தார். பிறகு உபால்தோவிடம், “உங்க மெஷினை நிறுத்துங்க. உங்க பங்கு யானை உங்களுக்கு வேணாம்” என்றார். உபால்தோ எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். உள்ளே போய் நிறுத்தினார். நிறுத்திய பிறகும் வானொலி கத்தியது. அடுத்த சாவடிக்கான பிரதி அது.

மறுபடி ஆறு. வெயில் சாய்ந்தது. மிர்லித்தின் தலை என் மடியில் கனத்தது. உயிர் இருக்கிறதா என்று பார்க்க அவள் வாய்க்கு முன் என் புறங்கையை வைத்துக்கொண்டேன், எடுக்கவே இல்லை. அமான்சியோ பின்னால் உட்கார்ந்து மோட்டாரைப் பிடித்தபடி யாரையோ திட்டிக்கொண்டே வந்தார். யாரை என்று சத்தத்தில் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே நல்லது. என் தம்பியைத்தான் என்றால் நான் என்ன சொல்லியிருப்பேன்? அந்த வாழ்த்தை நினைத்தேன். அவன் கொடியில் இலைகளைக் குறைத்ததை நினைத்தேன்.

வளைவு ஒன்றில் முதலில் அலைதான் வந்தது. நாங்கள் ஆடினோம். பிறகு மோட்டார் சத்தம், பிறகு மையத்தின் வெள்ளை விரைவுப் படகு. முன்னால் குளிர்பெட்டியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஹோவிட்டாவை நான் அதுவரை குரலாகத்தான் அறிவேன். வாய் திறந்ததும் தெரிந்தது.

“பாப்பா பேரு மிர்லித் தானே? கையைக் குடுங்கம்மா, நரம்பைப் பார்க்கணும்.”

இரண்டு படகையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு அங்கேயே மருந்தை ஏற்றினாள். ஏறி முடியும் வரை குப்பியை உயர்த்திப் பிடித்த கையை அவள் இறக்கவில்லை. பிறகு மிர்லித்தைத் தங்கள் படகுக்கு மாற்றி, என்னையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். போகிற வழியில்தான் நடந்ததைச் சொன்னாள்.

தனக்கு ஏதோ பெரிதாக வருகிறது என்று கத்தலின் நீளத்திலிருந்தே அவளுக்குக் காலையிலேயே தெரியும். அதனால் ஒலிபெருக்கியைக் குறைக்காமல், கடிதம் கத்துவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். கத்தலுக்கு நடுவே, இயந்திரம் பதிலுக்காக மூச்சு விடும் அந்தச் சின்ன இடைவெளியில், ஒரு குரல் வந்தது. ஒரே சொல். “பாம்பு.” மறுபடி கத்தல். அடுத்த இடைவெளியில் “ஒரேப்.” அடுத்ததில் “குழந்தை.” பிறகு “மிர்லித்.” சில இடைவெளிகளில் பாதிச் சொல்தான் வந்தது. முழுவதும் வந்து முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து “பாம்பு.” என் தம்பி அந்த மேசையில் உட்கார்ந்து, தன் கடிதத்தின் மூச்சு இடைவெளிகளில், ஒவ்வொரு சொல்லாக, யாராவது கேட்கும் வரை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். அவள் ஓர் இடைவெளியில் “கேட்டது” என்றாள். அவன் உடனே நம்பவில்லை. அவள் இரண்டு முறை சொன்ன பிறகுதான் “மருந்து” என்று கடைசிச் சொல்லைச் சொன்னான்.

வானொலியில் மையத்தை எழுப்பும் முயற்சியில் அவள் நேரத்தை விடவில்லை. தன் கணினியை நிறுத்திவிட்டு, ஊர்க்காரர் ஒருவரின் மோட்டார் படகில் நேராக மையத்துக்கே போய்விட்டாள். நிறுத்தும்போது அவளுக்கு வரவேண்டிய வாழ்த்து பாதிக்கு மேல் வந்திருந்தது. முழுவதும் வராமல் திரையில் எதுவும் தெரியாது. மையத்தில் முதல் வேலையாக அவள் செய்தது, இயந்திரத்தில் மிச்சம் இருந்த எல்லாப் பிரதிகளையும் அழித்தது. அவளுடையதும் அதில் போய்விட்டது.

மிர்லித் பிழைத்தாள். காலைக் காப்பாற்ற இகித்தோஸ் மருத்துவமனை நிறைய நாள் முயன்றது. கடைசியில் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். இன்னும் சீக்கிரம் மருந்து ஏறியிருந்தால் என்று அங்கிருந்த டாக்டர் ஆரம்பித்தார். நான் போதும் என்று கையைக் காட்டினேன்.

அன்று இரவே ஹோவிட்டா மையத்திலிருந்து தம்பிக்கு ஒரு வரி அனுப்பினாள். “மிர்லித் உயிரோடு இருக்கிறாள்.” தம்பி “சரி” என்று ஒரு சொல் பதில் எழுதினான். மறுநாள் காலைப் பேச்சில் அவன் முறை வந்தபோது, நேற்று அலைவரிசையை அடைத்தது தன்னுடைய வாழ்த்துக் கடிதம், கடிபட்டது தன் அக்கா மகள் என்று பதினான்கு சாவடியும் கேட்கச் சொன்னான். பிறகு மலேரியாக் கணக்கைச் சொன்னான். ஒரே ஒரு முறை. அடுத்து வந்த உபால்தோவும் தன் கணக்கை மட்டும் சொல்லி முடித்தார் என்று சொன்னார்கள்.

இஞ்சினியர் அடுத்த முறை வந்தபோது, எல்லாச் சாவடியிலும் அந்த நிற மென்பொருளை எடுத்துவிட்டு, வெறும் எழுத்தை மட்டும் வாங்கும்படி மையத்து இயந்திரத்தை மாற்றினார். தம்பியின் கணினியில் எடுக்க ஒன்றும் இருக்கவில்லை. அவன் அதை முன்பே எடுத்திருந்தான். வாழ்த்துகள் இப்போதும் போகின்றன, எல்லோருக்கும், ஒரு வரியில். உபால்தோவுக்கு மெல்ல மெல்லக் கிண்டல் திரும்பியது. தம்பியை மட்டும் அவர் தொடுவதில்லை. ஹோவிட்டா ஒருமுறை எங்கள் ஊருக்குத் தடுப்பூசி போட வந்தபோது, என் அடுப்படியில் உட்கார்ந்து அவனிடம் நேராகவே கேட்டாள்.

“அதுல அப்படி என்னதான் எழுதியிருந்துச்சு?”

“பொறந்தநாள் வாழ்த்துகள், ஹோவிட்டா.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பெயின்ட்.”

அவள் இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்திருந்தாள். அவன் எழுந்து போய்ப் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினான்.

அவன் படகுகளுக்குப் பெயர் எழுதுவதையும் விட்டுவிட்டான். கேட்டு வந்தவர்களுக்கு நேரமில்லை என்றான். உத்தியோகக்காரனுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று அவர்கள் பேசியது என் காதுக்கு வந்தது. பெயின்ட் டப்பாக்களை அவன் எறியவும் இல்லை, திறக்கவும் இல்லை. நான்தான் அவற்றைச் சாவடிக்கு அடியிலிருந்து எடுத்து மழை படாமல் வைத்தேன். அவன் ராத்தூக்கம் போனவனைப் போலத்தான் நடமாடினான். வேலையில் ஒரு குறை கிடையாது. என் கணவர் அவனோடு பேச ஆரம்பிக்க ஒரு வெள்ளம் வந்து வடிய வேண்டியிருந்தது. பேச ஆரம்பித்தபோதும் மீனைப் பற்றித்தான் பேசினார்.

மிர்லித்துக்குத் தரையில் நடக்கச் சிரமம். தண்ணீரில் அவளை யாரும் முந்த முடியாது. துடுப்புக்குக் கால் எதற்கு? போன வருடம் அமான்சியோ அவளுக்கென்று ஒரு சின்னத் தோணி குடைந்து கொடுத்தார். அது காய்ந்ததும் அவள் அதைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு சாவடிப் படிக்கட்டுக்குப் போனாள். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

“மாமா, இதுக்குப் பேரு எழுதிக் குடு.”

“வேற யாராவது எழுதுவாங்க.”

“வேற யாரு எழுதினாலும் எனக்குப் படிக்க வராது” என்றாள்.

அது பொய். அவள் இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். அவன் குனிந்து தோணியின் முகப்பைத் தடவிப் பார்த்தான். பிறகு உள்ளே போனான். டப்பாவோடு வருவான் என்று நான் கையில் இருந்த துணியைப் பிழியாமலே பிடித்திருந்தேன். மருந்துக் குப்பியில் தேதி எழுதுகிற பென்சிலோடு வந்தான். தண்ணீரில் முழங்கால் அளவு இறங்கி, முகப்பில் இடது கையை ஊன்றி, அவள் பெயரை எழுதினான். விளிம்பு இல்லை, நிழல் இல்லை. ஏழு அடி தள்ளி நின்றால் தெரியாத எழுத்து.

“பூ?” என்று கேட்டாள்.

“இடம் விட்டிருக்கேன்” என்றான். “நீ போட்டுக்கோ.”

டப்பாக்கள் எங்கே இருக்கின்றன என்று அவள் என்னைத்தான் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். மஞ்சள் மட்டும் காயாமல் இருந்தது.